லூர்துராஜ் இருந்த ஃபோல்டர்

அந்தக் கடலோர நகராட்சியில் கம்ப்யூட்டருக்குள் ஒரு கோப்பை வைக்க வேண்டுமானால், ஊழியர்தான் அதை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்துபோய் வைத்துவிட்டு வர வேண்டும். பிறப்புச் சான்றிதழ் குமாஸ்தா லூர்துராஜ் திங்கட்கிழமை காலையில் அப்படிப் போனவர், வியாழக்கிழமை வரை திரும்பவில்லை.

அவர் மனைவி பிலோமினா தூக்குச்சட்டியோடு வந்து, ஆபரேட்டர் ஜெசிந்தாவின் மேஜை முன்னால் நின்றாள்.

"மூணு நாளா சாப்பிடாம கெடக்காரு. எந்த ஃபோல்டர்ல இருக்காருன்னு பாத்துச் சொல்லும்மா."

"இருங்கக்கா, பாக்கேன்."

ஜெசிந்தா முதலில், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டும் வழக்கமான எல்எஸ் கட்டளையைக் கொடுத்தாள். பன்னிரண்டு வார்டுகளின் பெயர் வந்தது. அது மேல்தட்டை மட்டும்தான் காட்டும். வார்டுக்குள் தெரு, தெருவுக்குள் வீடு, வீட்டுக்குள் வருஷம் என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து தேடினால் அவள் ரிட்டயர்டே ஆகிவிடுவாள். அதனால் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். கோப்புகளை விட்டுவிடு, ஃபோல்டர்களை மட்டும் காட்டு, எவ்வளவு ஆழமானாலும் முழு வழியோடு காட்டு, லூர்துராஜ் என்ற பெயர் வந்தால் நில். என்டரைத் தட்டினாள்.

பத்து மணிக்குப் பட்டியல் ஓடத் தொடங்கியது. பதினொன்றுக்கு வருஷங்கள் முடிந்தன. அதற்கும் கீழே, யாரும் உண்டாக்கியிராத ஃபோல்டர்கள் வந்தன. 'மழையில் பிறந்தவர்கள்'. அதற்குள் 'அந்த மழை'. அதற்குள் 'நனையாமல் போன தெருக்கள்'. பிறகு 'பிறந்ததும் அழாதவர்கள்', 'அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்'. ஜெசிந்தாவின் கைகள் தாமாகவே மடிக்கு வந்துவிட்டன. வரி கட்ட வந்தவர்கள் கவுன்டரை விட்டு வந்து அவள் பின்னால் நின்றார்கள். மேனேஜர் பொன்னையா செருப்பைக் கழற்றினார். ஃபேன் சத்தம் தொந்தரவாக இருந்ததால் ஒருவர் போய் அதை நிறுத்தினார்.

பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் நின்றது. கடைசி வரியின் முடிவில் இப்படி இருந்தது: 'பெயர் வைக்குமுன் போன பிள்ளைகள் / லூர்துராஜ் மகள்'.

பிலோமினா அதை விரலால் தடவிப் படித்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரே ஒரு பகல் இருந்த பிள்ளை.

"அங்கதான் இருக்காரா?"

"அங்கதாங்கா."

பிலோமினா தூக்கைத் திறந்து பார்த்தாள். "மூணு பேருக்குக் காணாதே" என்றாள். கேன்டீனுக்குப் போய் இன்னொரு சாப்பாடு வாங்கிக்கொண்டாள். ஜெசிந்தா அச்சடித்துக் கொடுத்த வழியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

அரை மணி நேரத்தில் மூவரும் வெளியே வந்தார்கள். லூர்துராஜ் நேராகத் தன் இருக்கையில் உட்கார்ந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்தார். கூட வந்து எதிரே நின்ற பத்தொன்பது வயதுப் பெண், உதட்டில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பேரு?" என்றார் லூர்துராஜ், மனைவியைப் பார்த்து.

"அமலி" என்றாள் பிலோமினா. யோசிக்கவே இல்லை.

அவர்கள் பின்னாலேயே, பிறந்த அன்று அமலி பார்க்காமல் போன சாயங்காலமும் வெளியே வந்து ஹால் முழுக்கப் பரவியது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டே முக்கால். லைட்டைப் போடச் சொன்னார்.