கீறல் இல்லாத எஞ்சின்

ஐந்து வாரமா ஏழு வாரமா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நடந்தவற்றை முன்பின் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்ற சந்தேகமும் உண்டு. ஆனால் அந்த எஞ்சின், தையல்காரி வீட்டு முன்னறையில், துணி வெட்டும் மேசைமேல் சட்டமாக உட்கார்ந்திருந்ததில் மட்டும் சந்தேகமே கிடையாது.

மேசை தையல்காரியுடையது. எஞ்சின் அவள் கணவருடையது. அவருடைய அப்பா ஓட்டி ஓய்ந்த மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றியது. பழைய வண்டிகளைச் சேர்க்கும் பல் டாக்டர் ஒருவர் வண்டியை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். "எஞ்சினை மட்டும் கொஞ்சம் சுத்தம் பண்ணி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அது வீட்டைவிட்டுப் போனால்தான் முன்னறை காலியாகும். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் வேலை தையல்காரியின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அடுத்த மாதக் கடைசிக்குள் தைக்கிற இடத்தைக் காட்டு என்று பள்ளி மேலாளரம்மா சொல்லியிருந்தார். அதுவரை அவள் அடுப்படித் தரையில் துணியை விரித்து, முதுகு ஒடிய வெட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் வாரத்திலேயே மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷ்ஷும் அழுக்கை எடுத்துவிட்டன. சாம்பல் பூத்த அலுமினியம் அடக்கமாக வெளுத்தது. பார்க்க வந்த மெக்கானிக் சொன்னான்: "போதும் சார், விட்டுடுங்க. புதுசுலயே இது மங்கலாத்தான் இருந்திருக்கும்."

"உனக்குக் கிரீஸ் தெரியும். அழகு தெரியுமா?" என்றார் கணவர்.

"எனக்கு எதுக்கு சார் அழகு? வண்டி ஓடுனா போதும்."

அன்றே உப்புத்தாள் வந்தது. சொரசொரப்பில் ஆரம்பித்து வழவழப்புவரை ஏழு வகை. அப்புறம் டிரில்லின் முனையில் கம்பளிச் சக்கரம், அதற்கொரு பசை. இருபது வருடத்தில் ஒரு தட்டைக்கூடக் கழுவாத கை, அலுவலகம் விட்டு வந்ததும் எஞ்சினைத் தடவித் தடவித் தேய்த்தது. வீடு முழுக்கக் கறுப்புத் தூசி. தைத்த சட்டைகளை உதறி உதறி அவளுக்குத் தோள் விட்டுப்போயிற்று.

"என்னங்க, வாங்குறவரே சுத்தம் பண்ணா போதும்னுட்டாரு. நீங்க யாருக்காகத் தேய்க்கிறீங்க?"

"கீறலோட குடுத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாரு?"

"உங்களைப் பத்தி நினைக்கவா அவரு வர்றாரு?"

அவர் எஞ்சினில் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது பல் டாக்டர் வந்தார். குனிந்தவர் முதலில் தன் பல்லைத்தான் பார்த்துக்கொண்டார். பிறகு எஞ்சினின் பக்கவாட்டை விரலால் தடவினார். இன்னொரு முறை தடவினார்.

"இங்க நம்பர் அடிச்சிருக்குமே?"

"அங்கயா? அங்க வரிசையா ஏதோ கீறல் இருந்துச்சு டாக்டர். லேசுல போகல. ரெண்டு நாளாச்சு எடுக்க."

விண்ணப்பத்தில் ஓர் எண் விட்டுப்போனாலும் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவதுதான் அலுவலகத்தில் கணவருக்கு வேலை. தையல்காரிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"எஞ்சின் நம்பர் இல்லாத வண்டியைத் திருட்டு வண்டின்னுதான் சொல்வாங்க. என் பேருக்கு மாத்தவே முடியாது. மன்னிச்சிடுங்க" என்று டாக்டர் செருப்பை மாட்டினார்.

"நாமளே திரும்ப அடிச்சுட்டா?" என்றார் கணவர்.

"அதுக்குப் பேரு போர்ஜரி. அதுக்கு அனுப்புற இடமும் வேற" என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

தையல்காரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எஞ்சினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் தூக்குங்க."

"எங்க வைக்க?"

"கட்டில்ல. நீங்க படுக்கிற பக்கம்."

"அப்ப நான்?"

"அதை நகத்திப் படுங்க. கீறல் விழாம."

மேலாளரம்மா மறுநாள் வந்து இடத்தைப் பார்த்துச் சீருடை வேலையைக் கொடுத்தார். இப்போது முன்னறையில் மூன்று தையல் மெஷின்கள் ஓடுகின்றன, இரண்டு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். பல் டாக்டர் வேறொரு வண்டியை, மங்கலான எஞ்சினோடு வாங்கினார். மெக்கானிக் கடையை இடம் மாற்றிவிட்டான். வண்டியின் மிச்சம் பழைய இரும்புக்குப் போயிற்று. கணவர் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார். எஞ்சின் கட்டிலில் இருக்கிறது.