தூ-அஷூ இறக்கத்தில் ஒரு நேயர்

“ரேடியோவை அணைங்க! எனக்கு ரெண்டு குரல் கேக்குது. வண்டி எங்க இருக்கு, அத முதல்ல சொல்லுங்க!”

சாபிரா அக்கா மைக்கை வெடுக்கென்று இழுத்ததில் என் டீ கவிழ்ந்து மேஜையெல்லாம் ஓடியது. துடைக்கத் தோன்றவில்லை. ஒலிபெருக்கியில் வந்த ஆண் குரல் அப்படி நடுங்கியது.

“தூ-அஷூ மலை இறக்கம்க்கா. சுரங்கம் தாண்டிட்டோம். பிரேக் பிடிக்க மாட்டேங்குது!”

தலைநகர் பிஷ்கெக்கில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வானொலி நிகழ்ச்சி. மறுநாள் ஞாயிறு, கார்ச்சந்தை. அதனால் அன்று போன் ஓயாது. பழைய வண்டி வாங்கலாமா, மாற்றலாமா, புகை வெள்ளையாக வந்தால் என்ன, கறுப்பாக வந்தால் என்ன. பதில் சொல்வது சாபிரா அக்கா. தூ-அஷூ வழியாகப் போகும் ஓஷ் சாலையில் இருபது வருடம் லாரி ஓட்டியவர், இப்போது சொந்தப் பட்டறை. நான் நேயர்களை இணைத்துக் கொடுப்பவன். அந்த நிமிடம்கூட இன்னொரு இணைப்பில் நாரின் ஊர்ப் பெரியவர் ஒருவர் காத்திருந்தார். தன் ஜெர்மன் காருக்கு ஐந்து பசுவும் ஒரு குதிரையும் தருகிறார்களாம், கொடுக்கலாமா என்று கேட்க. “பசுவுக்கு கியர்பாக்ஸ் போகாது, வாங்கிக்கச் சொல்லு” என்று அக்கா சிரித்து வாய் மூடவில்லை, இந்த அழைப்பு வந்துவிட்டது.

“பேர் என்ன தம்பி?”

“கெரிம்பெக்.”

“எந்த வண்டி?”

“ஜப்பான் வண்டி. வலது பக்க ஸ்டீயரிங். ஆட்டோமேட்டிக்.”

“நீயா ஓட்டுற?”

“இல்ல, உல்ஜான். என் பெண்டாட்டி. எனக்கு ஓட்டத் தெரியாது.”

வேறு நாளாக இருந்தால் அக்கா அவனை ஒரு வழி பண்ணியிருப்பார். இன்று கேலி வரவில்லை. “வேகம் எவ்வளவு?”

“எழுபது. ஏறிக்கிட்டே இருக்கு.”

“பிரேக் மிதிச்சா சத்தம் வருதா? இரும்பு உரசுற மாதிரி?”

ஒரு நொடி தாமதம். “மிதி பஞ்சு மாதிரி உள்ள போகுதாம். பாதத்துல நடுக்கம் இருக்குதாம்.”

“நான் கேட்டது சத்தத்தப் பத்தி.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா. கருகுற நாத்தம் மட்டும் அடிக்குது.”

அக்கா கண்ணை மூடித் திறந்தார். பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டது என்று எனக்கே புரிந்தது. “கியர் எதுல இருக்கு? பொய் சொல்லாம சொல்லு.”

“நியூட்ரல்ல.” குரல் உடைந்தது. “பெட்ரோல் மிச்சமாகும்னு நான்தான்… அவ வேண்டாம்னா. நாளைக்குச் சந்தையில வண்டியக் குடுத்துட்டு வேன் எடுக்கணும், டேங்க்ல நாலு லிட்டராவது இருக்கட்டும்னு…”

“உன்ன அப்புறம் திட்டுறேன். என்ஜின அணைக்காத. அணைச்சா ஸ்டீயரிங்கும் கல்லாயிடும். கியர் குச்சி உன் வலது கைக்குப் பக்கத்துலதான இருக்கு? D-க்குத் தள்ளு.”

என்ஜின் உறுமியது எங்களுக்கே கேட்டது.

“இப்போ 2, ரெண்டாம் கியர். என்ஜினே வேகத்தப் பிடிக்கும். கத்தும், பயப்படாத. தள்ளு!”

உறுமல் அலறலாயிற்று. யாரோ எதிலோ இடித்துக்கொண்ட சத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் மேலாளர் கையால் கத்தரி போட்டுக் காட்டினார், விளம்பர நேரமாம். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“வேகம்?”

“அறுபது… அம்பத்தஞ்சு.”

“பிரேக்க அமுக்கிப் பிடிக்க வேண்டாம்னு சொல்லு. மிதிச்சு விடணும், மிதிச்சு விடணும். சொன்னியா?”

“சொல்லிட்டேன்.”

அவன் சொன்னது எங்கள் காதில் விழவே இல்லை. யோசிக்க நேரமுமில்லை.

“அடுத்த வளைவு எந்தப் பக்கம்?”

“இடது. அவ உக்காந்திருக்கிற பக்கத்துலேர்ந்து எதிர்ல வர்றது தெரியாது. நான்தான் எப்பவும் பாத்துச் சொல்லுவேன்.”

“அப்போ பாரு! வாயப் பாக்காம ரோட்டப் பாரு!”

“லாரி வருது… போயிடுச்சு. வளைஞ்சிட்டோம்! வளைஞ்சிட்டா!” அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. “நாப்பது!”

“இப்போ L, முதல் கியர். கை பிரேக் குச்சியில இருக்கிற பொத்தான அமுக்கிப் பிடிச்சுக்க. கொஞ்சம் கொஞ்சமா இழு. ஒரேடியா இழுத்தா பின்பக்கம் சுத்திடும்.”

“அக்கா, ஆடு!”

“என்ன?”

“மந்தை! மேய்ச்சல்லேர்ந்து இறக்கிக்கிட்டுப் போறாங்க. ரோடு பூரா ஆடு!”

செப்டம்பர் மாதம், குளிருக்கு முன் மலையிலிருந்து மந்தைகள் இறங்கும் நேரம். அந்தச் சாலையில் ஆடு இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஹாரன் விடாமல் ஒலித்தது. அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “மலைப்பக்கம் எது?”

“வலது. சரளை கொட்டி வெச்சிருக்காங்க, ரோடு போடுறதுக்கு…”

“சரளையில விடச் சொல்லு! வண்டி போனாப் போகுது!”

கரகரவென்று பெரிய சத்தம், கண்ணாடி நொறுங்கும் ஒலி, பிறகு ஒன்றுமே இல்லை. பிஷ்கெக் முழுக்க டாக்சிகளில், ரொட்டிக் கடைகளில், பட்டறைகளில் அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் சட்டைக் கையிலிருந்து டீ சொட்டியது.

பிறகு ஒரு ஆடு கத்தியது.

“நின்னுடுச்சுக்கா.” கெரிம்பெக்கின் குரல் சிறு பையனுடையதைப் போல இருந்தது. “ஒரு விளக்கு போச்சு. எங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆடுங்களுக்கும் ஒண்ணுமில்ல. குதிரைல ஒருத்தன் வந்து என்னத் திட்டுறான்.”

“நல்லாத் திட்டட்டும், என் பங்கையும் சேத்து.” அக்கா நாற்காலியில் சாய்ந்தார். “கேளு. பக்கத்துல ஓடை இருக்கும். சக்கரத்துல தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, வெடிச்சிடும். தானா ஆறட்டும். பிரேக் எண்ணெய மாத்தாம அங்கேர்ந்து ஒரு அடி நகரக்கூடாது. சந்தையில எவன் கேட்டாலும் நடந்தத மறைக்காதீங்க. என் பட்டறைக்கு வாங்க, நானே சரி பண்ணி, நானே கூட வந்து வேன் பாத்துத் தரேன்.”

“சரிக்கா.”

“நீ பேசினது போதும். போன உல்ஜான்கிட்ட குடு. இருபது வருஷம் அந்த ரோட்டுல ஓட்டியிருக்கேன், என்னால இப்படி நிறுத்தியிருக்க முடியாது. அத அவ காதுல நான் சொல்லணும்.”

உல்ஜானின் குரலுக்காக நான் ஒலியைக் கூட்டினேன்.

“குடுத்துப் பிரயோசனம் இல்லக்கா,” என்றான் கெரிம்பெக். “அவளுக்குப் பொறந்ததுலேர்ந்தே காது கேக்காது. நீங்க சொன்னத எல்லாம் தோள்ல தட்டித் தட்டி, கையக் காட்டித்தான் சொன்னேன். அந்தச் சரளைக்கு மட்டும் நான் தட்டவே இல்ல, அதுக்குள்ள திருப்பிட்டா. இப்போ சக்கரத்துகிட்ட குந்தி உக்காந்து, தொடாம, உள்ளங்கைய மட்டும் காட்டிச் சூடு பாத்துக்கிட்டு இருக்கா.”