ஆற்றில் ஒரு கால்

1

லண்டனில் பழைய புத்தகக் கடையொன்றில் நான் வாங்கிய மெலிந்த நூலின் கடைசிப் பக்கத்திலிருந்து இக்கதை பிறந்தது. போர்க்காலத்தில் அச்சான, சீன நாவலொன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. கடைசிப் பக்கத்தில் ஒரு பணிப்பெண் சாவதற்காக ஆற்றில் ஒரு காலை வைத்து நிற்கிறாள். அதற்கு மேல் பக்கமில்லை. கிழியவில்லை, அச்சிடப்படவே இல்லை. மொழிபெயர்த்தவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. பின்வருவது என் கற்பனை, பொறுத்தருள வேண்டுகிறேன்.

2

பனிமூட்டம் சூழ்ந்த லண்டன் மாநகரில்...

[அடித்துவிட்டேன். இவ்வூரில் இத்தனை காலம் வாழ்ந்த நான் அப்படித் தொடங்குவது அழகல்ல.]

மொழிபெயர்ப்பாளர் குவோ வென்ஷு லண்டனின் கேம்டன் பகுதியில் வாடகை அறையொன்றில் தனித்து வாழ்ந்தார். மனைவி சீனாவில், சோங்சிங் நகரில். அங்கும் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. கடிதம் வந்து ஓராண்டுக்கு மேலாயிற்று.

பதிப்பகத்தில் மிஸ் பெல் அவரது கையெழுத்துப் பிரதியைப் பூசணிக்காய்போல் தூக்கிப் பார்த்தார்.

"நூறு அத்தியாயத்துக்குப் பேப்பருக்கு நான் எங்க போவேன், மிஸ்டர் குவோ? அரசாங்கம் அளந்துதான் குடுக்குது. முப்பதோட நிறுத்திக்கலாம்."

"முப்பதுல அவ தண்ணியில கால வச்சிருக்கா. அடுத்ததுலதான் படகுக்காரன் கரையில இழுத்துப் போடுறான்."

"அப்ப ஒரே வரியில காப்பாத்திடுங்க. கல்யாணம்கூடப் பண்ணி வைங்க, வேணாங்கல."

"நான் மொழிபெயர்க்குறவன் மிஸ் பெல். தரகன் இல்ல."

அந்நாவலில் ஒவ்வோர் அத்தியாயமும், 'இனி என்னவாயிற்று என்பதை அடுத்ததில் கேட்டருள்க' என்னும் கதைசொல்லியின் வரியோடு முடியும். காகிதத்தை மிச்சப்படுத்த மிஸ் பெல் அவ்வரியை எல்லா இடத்திலும் சிவப்புப் பென்சிலால் அடித்திருந்தார். குவோ அனைத்துக்கும் தலையசைத்தார். கடைசி வரியை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"இத விட்டுடுங்க. இது இல்லேன்னா அவ செத்துட்டான்னு முடிவு பண்ணிடுவாங்க."

"அடுத்த அத்தியாயமே கெடையாதே. ஜனங்க லெட்டர் போட்டு என் உயிர எடுப்பாங்க."

"என் விலாசத்தப் போடுங்க. எனக்கு வரட்டும்."

[இங்கே குவோவின் கண்கள் கலங்கியதாக எழுதியிருந்தேன். அவர் அந்நியர்முன் கலங்குபவராகத் தோன்றவில்லை; எடுத்துவிட்டேன். அவர் காத்தது பணிப்பெண்ணையா, சோங்சிங்கில் இருப்பவரையா என்பதும் எனக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கியிருந்தால், கையை எடுத்திருப்பாரோ என்னவோ.]

மிஸ் பெல் சற்று நேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பென்சிலைக் காதில் செருகினார்.

"அந்த வரியக் கொஞ்சம் சுருக்கித் தாங்க," என்றார்.

3

நூல் வெளிவந்தது. கடைசி வரிக்குக் கீழே அவர் விலாசம். ஒரு காலையில், வீட்டுக்காரி மிஸஸ் டிரான்டர் மாடிப்படியடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"மிஸ்டர் குவோ, லெட்டர் வந்திருக்கு. எடுத்துட்டு மேல வர என் முட்டி ஒத்துக்காது."

"எந்த ஊர்லேர்ந்து?"

"கண்ணாடி இல்லாம எனக்கு எல்லா ஊரும் ஒண்ணுதான்."

என் முதல் வரைவில் அது லீட்ஸ் நகரத்து வாசகர் ஒருவரிடமிருந்து வந்தது: 'அவள் பிழைத்தாளா?' குவோ அடுத்த அத்தியாயம் முழுவதையும் கைப்பட எழுதி அனுப்பினார். இரண்டாம் வரைவில் சோங்சிங்கிலிருந்து வந்தது. முகவரி மனைவியின் கையெழுத்தில்...

முகவரி வேறொருவர் கையெழுத்தில்...

இதற்கு மேல் எழுத இயலவில்லை. எனக்குக் காகிதப் பஞ்சம் இல்லை. வெட்கத்துடன் சொல்கிறேன், துணிவுப் பஞ்சம்தான். குவோ ஒரு காலைப் படியில் வைத்திருக்கிறார். மற்றொன்று இன்னும் அறைக்குள்ளேதான்.

மிஸஸ் டிரான்டரின் கண்ணாடி சமையலறை மேசைமேல், ரொட்டிப் பெட்டிக்கு அருகில் இருக்கிறது. வாசகரே, தங்களுக்குச் சிரமமில்லையெனில், எடுத்துக் கொடுக்கலாம்.