மூன்று நாள் புகழ்

நோயாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருக்கு என்ன வருத்தம் என்று தன்னால் சொல்லிவிட முடியும் என்று ஷம்லா நம்பியிருந்தாள். மாம்புரிப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியொன்றில் பதினொரு வருடமாகத் தாதி. நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புதிதாக வந்த தாதி றிப்னாவுக்கு அதைப் பாடமாகவும் எடுத்துவந்தாள். "மெஷின் பிறகு. முதல்ல கண்" என்பாள். சொல்லும்போது கழுத்து தானாக நிமிர்ந்துவிடும்.

யுத்தம் முடிந்து நாலாம் வருடம், நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் காலை ஹவ்வா உம்மா வந்தார். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் நெடுநாளாக உள்ளவர். மேல்வயிற்றைப் பொத்திக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தார்.

"என்ன உம்மா, பெருநாள் புரியாணியா?"

"ஓம் மகள், ரெண்டு தரம் சாப்பிட்டுட்டன். வயித்துக்குள்ள காத்து ஏறி நிக்கிது."

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அன்று காலையே இதே முறைப்பாட்டோடு ஆறு பேர் வந்துபோயிருந்தார்கள். "பாருங்க றிப்னா, ஏழாவது கேஸ்டிரிக்" என்றபடி ஷம்லா வெள்ளை மருந்துப் போத்தலைக் குலுக்கினாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த சிற்றூழியர் றோசமேரி நிமிர்ந்தாள். "மிஸ், இவங்க உள்ள வந்தா தரை ஈரமெண்டு என்னை ஏசாம விடமாட்டாங்க. இண்டைக்கு ஒரு வார்த்தை இல்ல."

ஷம்லாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். பதினொரு வருட அனுபவத்துக்கு ஒரு துடைப்பம் குறுக்கே வருவதா? றோசமேரி சொல்வது பிழை என்று காட்டத்தான் உம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். கை சில்லிட்டிருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும் நெற்றியில் வியர்வை.

"வேற எங்கயாவது நோகுதா உம்மா?"

"இந்தத் தாடையும் கடுக்குது மகள். பல்லு வலியாக்கும்."

அந்தப் பக்கத்தில் உம்மாவுக்கு ஒரு பல்லும் கிடையாது.

சீனி வருத்தக்காரருக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாகத்தான் வரவேண்டும் என்றில்லை. பயிற்சிக் காலத்தில் அதைக் கொப்பியில் சிவப்புக் கோடு போட்டு எழுதி, பரீட்சையில் முழுப் புள்ளியும் வாங்கியிருந்தாள். அந்தப் புள்ளிகளெல்லாம் இப்போது எங்கே போயின? அவசரமாக ஈசிஜி எடுத்தாள். கடதாசியைப் பார்த்ததும் டொக்டர் மஸாஹிர் ஓடிவந்தார். மாத்திரை கொடுத்து, அம்பியுலன்ஸில் ஏற்றி, ஷம்லாவையும் கூடவே புத்தளம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

உம்மா பிழைத்துவிட்டார். மறுநாள் எல்லோர் முன்னாலும் டொக்டர் சொன்னார்: "ஷம்லா மிஸ் கண்டுபிடிச்சதாலதான் அந்த உம்மா தப்பினாங்க."

'நான் இல்லை' என்று சொல்ல ஷம்லா வாயெடுத்தாள். வாய் "நன்றி டொக்டர்" என்றது.

உண்மையைச் சொல்ல அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. முதல் இரண்டு நாள் அந்தப் புகழ் நன்றாகத்தான் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. மூன்றாம் நாள் தேநீர் நேரத்தில் எல்லோரையும் நிற்கவைத்துத் தொண்டையைச் செருமினாள்.

"நான் வயித்து மருந்து குடுக்கப் பாத்தன். தடுத்தது றோசமேரி."

யாரும் திடுக்கிடவில்லை. டொக்டர் தேநீரை ஊதினார்.

"எங்களுக்குத் தெரியும் மிஸ். நான் உங்களப் புகழ்ந்த அண்டைக்குப் பின்னேரமே றிப்னா வந்து சொல்லிட்டா."

"அப்ப ஏன் ஒருத்தரும் கேக்கல்ல?"

றோசமேரி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "எப்ப சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டு இருந்தம். நான் மட்டுந்தான் மூணு நாள் எண்டு சொன்னன். டொக்டர் ஒரு மாசம் எண்டார்."