மார்ஸ்லின் வாயிலிருந்து ஒரு 'நீ'

ஹெஸ்டருக்குப் பொறாமை பிடித்தது காளானால்தான் என்று பெய்ராத் என்ற பிரெஞ்சுக் கிராமத்தில் சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாது. காளான் பிறகு வந்தது. முதலில் வந்தது ஒரு 'நீ'.

அன்று சந்தை நாள். சதுக்கத்தில் ரொட்டி வண்டிக்கு முன்னால் ஹெஸ்டர் வரிசையில் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் பக்கத்து வீட்டு மார்ஸ்லின்: எழுபதைத் தாண்டியவள், கணவனை இழந்தவள், அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே ஆடு, கோழி, சண்டை எல்லாம் வளர்த்தவள். சதுக்கத்தின் மறுகோடியிலிருந்து ஓர்லா வந்தாள். அயர்லாந்துக்காரி, கோடையில்தான் ஊருக்குக் குடிவந்தவள். அவள் நடந்து வந்தாள் என்று சொல்ல முடியாது. அவளுடைய இரண்டு நாய்களும் அவளை இழுத்து வந்தன.

"ஏ மார்ஸ்லின்!" என்று அங்கிருந்தே கத்தினாள், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில். "நீ நல்லா? நான் நல்லா! நாய் நல்லா இல்ல, செருப்பு தின்னுச்சு!"

ஹெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவு பெரிய மனுஷியைப் பார்த்து, நடுச் சந்தையில், 'நீ'! கிழவி முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போகிறாள், இந்தப் பெண் அழுதுகொண்டு நம் வீட்டுக்கு வரப்போகிறாள் என்று எதிர்பார்த்தாள். கொஞ்சம் ஆசையோடுதான் எதிர்பார்த்தாள்.

மார்ஸ்லின் வயிறு குலுங்கச் சிரித்தாள். "வாடி என் கோழி! செருப்பத் தின்னா தின்னுட்டுப் போகட்டும், உன்னத் தின்னாம விட்டுச்சே, அதச் சொல்லு. நீ சாப்பிட்டியா? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்றாள். அப்புறம் ஹெஸ்டர் பக்கம் திரும்பி, குரலைச் சற்று இறக்கி, "எஸ்டேர், உங்களுக்கு அவசரமா? வேணும்னா நீங்க முன்னால போங்க" என்றாள். ஹெஸ்டரின் முதல் எழுத்தை அந்த ஊர் நாக்கு விழுங்கிவிடும்.

'நீங்க போங்க.' பதினோரு வருடம் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வாழ்ந்த பிறகு.

அந்த மொழியிலும் நம்மைப் போலவே 'நீ'யும் உண்டு, 'நீங்க'வும் உண்டு. 'நீ'க்கு அவர்கள் சொல்வது 'தூ'. நம் காதுக்குத் துப்புகிற மாதிரி இருந்தாலும் அங்கே அதுதான் உறவு. 'நீங்க'வுக்கு 'வூ'. அது டாக்டருக்கு, தபால் நிலையத்து அம்மாவுக்கு, வழி தவறி வந்தவனுக்கு, அப்புறம் ஹெஸ்டருக்கு. வயதில் சின்னவர்கள் தாங்களாகவே 'நீ'க்கு இறங்கிவிடக் கூடாது. பெரியவர்தான் "இனிமே 'நீ'ன்னே பேசிக்கலாமே" என்று அழைக்க வேண்டும். ஹெஸ்டர் இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டு, அழைப்பு வரும் வரும் என்று காத்திருந்தவள்.

சும்மாவும் காத்திருக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து வரும்போது அவளுக்கு வணக்கம் சொல்ல மட்டும்தான் தெரியும். விழுந்து விழுந்து படித்தாள். இப்போது அவள் பேசும் பிரெஞ்சில் பஞ்சாயத்துத் தலைவரே தன் தப்பைத் திருத்திக்கொள்வார். மார்ஸ்லினுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது காரில் நகரத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தது ஹெஸ்டர். மார்ஸ்லினின் கணவன் செத்தபோது சாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டது ஹெஸ்டர். அப்போதும் "உங்களுக்கு ரொம்பச் சிரமம், எஸ்டேர்" என்றுதான் வந்தது. இந்த ஓர்லா நாலு வார்த்தை தெரியாமல், வினைச்சொல்லின் தலையையும் வாலையும் கடித்துத் துப்பிக்கொண்டு வந்து, மூன்றே மாதத்தில் 'கோழி' ஆகிவிட்டாள்.

"அவ உனக்கு மரியாதை குடுக்கிறா. அதுல என்ன குறை?" என்றான் அவள் கணவன் ராட்னி. அவன் ஊரில் எல்லோரோடும் சைகையிலேயே பேசுகிறவன், அதனால் அவனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

"மரியாதைய வச்சு நாக்கு வழிக்கவா?" என்றாள் ஹெஸ்டர்.

அதற்கு மேல்தான் காளான் வந்தது. அந்தப் பக்கத்தில் இலையுதிர் காலத்துக் காளானுக்காகக் கொலைகூட விழும். எந்த மரத்தடியில் முளைக்கிறது என்பதை மாமியார் மருமகளுக்குச் சொல்லமாட்டாள். மார்ஸ்லினின் இடம் எது என்று அவள் பெற்ற பெண்களுக்கே தெரியாது. ஒரு காலை ஓர்லா முழங்கால் வரை சேறோடு ஹெஸ்டரின் சமையலறைக்குள் நுழைந்து, மேஜைமேல் ஒரு கூடையைக் கவிழ்த்தாள். ஒவ்வொன்றும் குழந்தையின் முஷ்டி அளவு.

"மார்ஸ்லின் கூட்டிட்டுப் போனா!" என்றாள் ஆங்கிலத்தில். "விடியறதுக்கு முன்னாடி. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் வாயில கை வச்சு சத்தியம் வாங்கினா. பாதி உனக்கு, ஹெஸ்டர். நீதானே எனக்கு இங்க முதல் சிநேகிதி."

ஹெஸ்டர் காளானைப் பார்த்தாள். அவளுக்கு வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது, மிளகாயைக் கடித்தது போல. இந்தப் பெண் நல்லவள், பாதியைக் கொண்டுவந்து கொட்டுகிறாள் என்பது அந்த எரிச்சலைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

"ஓர்லா, உக்காரு" என்றாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"என்ன?"

"நீ மார்ஸ்லினை 'தூ'ன்னு கூப்பிடறே பாரு, அது இங்க பெரிய அவமானம். நாய்கிட்டயும் குழந்தைங்ககிட்டயும்தான் அப்படிப் பேசுவாங்க. அவ முகத்துல காட்டமாட்டா. வீட்டுக்குப் போய் அழறா."

ஓர்லா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "ஐயோ! அழறாளா? ஆனா அவளும் என்னை அப்படித்தானே..."

"பெரியவங்க சொல்லலாம். நாம சொல்லக் கூடாது."

"எனக்கு 'வூ' போட்டுப் பேசவே வராதே! அதுக்கு எல்லாத்தோட வாலும் மாறுமே!"

"நான் சொல்லித் தரேன்" என்றாள் ஹெஸ்டர்.

சொல்லியும் தந்தாள். தினமும் மாலையில் அந்த மேஜையிலேயே உட்கார்ந்து, 'நீங்கள் இருக்கிறீர்கள், நீங்கள் வருகிறீர்கள், நீங்கள் சாப்பிட்டீர்களா' என்று அந்தப் பெண் நாக்குச் சுளுக்கும் வரை சொல்ல வைத்தாள். பொறாமைக்கு இவ்வளவு பொறுமை இருக்கும் என்று ராட்னிக்குத் தெரியாது. மனைவிக்கு மனது இளகிவிட்டது என்று நினைத்து அவன் சந்தோஷப்பட்டான்.

அடுத்த சந்தையில் ஓர்லா நாய்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மார்ஸ்லினின் முன் வந்து நின்றாள். "வணக்கம், மேடம். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?"

மார்ஸ்லின் பின்னால் திரும்பிப் பார்த்தாள், தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களோ என்று. யாரும் இல்லை. "என்னடி ஆச்சு கோழி உனக்கு?" என்றாள். ஓர்லா நெற்றி வியர்க்க, "நான் நலமாக இருக்கிறேன். உங்களுக்கு மிக்க நன்றி" என்று ஒப்பித்துவிட்டுப் போய்விட்டாள். அந்த வாரமெல்லாம் ஹெஸ்டருக்குச் சாப்பாடு ருசித்தது.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் மார்ஸ்லின் ஹெஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினாள். எப்போதும் போல முன்னறை. எப்போதும் போல பூப்போட்ட பீங்கான் கோப்பை. ஓர்லா பின்பக்கமாகச் சமையலறைக்குள் நாயோடு நுழைகிறவள். ஹெஸ்டருக்கு மட்டும் மெழுகு பூசிய இந்த மேஜை. ஆனால் மார்ஸ்லின் காபி ஊற்றவில்லை. கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"எஸ்டேர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க ரெண்டு பேரும் ஒரே பாஷை பேசுறவங்க. அந்தப் புள்ளைக்கு நான் என்ன குத்தம் செஞ்சேன்?"

"எந்தப் புள்ளைக்கு?" என்றாள் ஹெஸ்டர், தெரியாதவள் போல.

"ஓர்லாதான். என் மகளுங்க பாரிஸ்ல இருக்காளுங்க, ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவாளுங்க, மழை பேயுதான்னு கேப்பாளுங்க. இவ தினம் வந்து அடுப்புப் பக்கத்துல நின்னு தப்புத் தப்பா எதையாச்சும் உளறுவா. எனக்குப் பொழுது போகும். இப்ப என்னடான்னா 'நலமாக இருக்கிறீர்களா'ங்குறா. வீட்டு வாசல்ல வந்து நின்னு கதவைச் சாத்திட்டுப் போற மாதிரி இருக்கு." மார்ஸ்லின் மூக்கைச் சிந்தினாள். "உங்க பக்கத்து ஆளுங்களே இப்படித்தான் போல. நீங்களும் அன்னைக்கு அதத்தான சொன்னீங்க."

"நானா? நான் என்ன சொன்னேன்?"

"நீங்க வந்த புதுசுல. வேலியோரம் நின்னு நானாத்தான் கேட்டேன்: 'நமக்குள்ள 'தூ'ன்னு பேசிக்கிட்டா உங்களுக்குச் சங்கடமா'ன்னு. நீங்க பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு, 'ஆமா ஆமா! ரொம்ப!'ன்னீங்க. எனக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. சரி, அந்தஸ்துக்காரங்க போலன்னு, ஊர்லயும் சொல்லி வச்சேன். அந்தம்மாவுக்குப் பிடிக்காது, யாரும் 'நீ' போட்டுடாதீங்கன்னு."

ஹெஸ்டர் நினைத்துப் பார்த்தாள். அந்த முதல் வருடம் முழுக்க, யார் என்ன கேட்டாலும் அவள் "ஆமா ஆமா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னது புரியாவிட்டால் சிரித்துக்கொண்டே "ஆமா" சொல்லிவிடு என்பது அவளுக்குப் பாடம் சொன்ன அம்மாள் கொடுத்த ஆலோசனை. அழைப்பு வந்திருக்கிறது. முதல் மாதமே வந்திருக்கிறது. அவளே அதைச் சிரித்துக்கொண்டு திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"மார்ஸ்லின், எனக்கு அன்னைக்கு நீங்க சொன்னது ஒரு எழுத்துகூடப் புரியல!" என்றாள். "நீங்க எப்பக் கூப்பிடுவீங்கன்னுதான் நான் இத்தனை வருஷமா உக்காந்திருக்கேன்!"

மார்ஸ்லின் வாயைப் பிளந்தாள். பிறகு மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள், பீங்கான் குதித்தது. "அடி மடச்சி! இத ஒரு நாள் வாயத் திறந்து கேக்க வேண்டியதுதான? எந்திரி, எந்திரி! உனக்கு எதுக்குடி இந்த ரூமும் இந்தக் கோப்பையும்? வா அடுப்படிக்கு!"

உனக்கு. வா. எந்திரி. ஹெஸ்டர் எழுந்து பின்னாலேயே போனாள். சமையலறையில் வெங்காயமும் ஈர நாயும் விறகுப் புகையுமாக ஒரு வாசனை. மார்ஸ்லின் பெரிய கிண்ணத்தில் காபியை ஊற்றி, அவள் முன்னால் நங்கென்று வைத்தாள். "குடி. நீ எப்பப் பாத்தாலும் எலும்பும் தோலுமாத்தான் இருக்கே, அந்த ராட்னி உனக்குச் சோறு போடறானா இல்லையா?" ஒவ்வொரு 'நீ'யும் ஹெஸ்டருக்குத் தித்தித்தது.

"போகட்டும், நீயாவது எனக்குக் கிடைச்ச" என்றாள் மார்ஸ்லின், எதிரில் உட்கார்ந்து. "அவளுக்கு என்னைப் பிடிக்கல. பிடிக்கலன்னா விட்டுடறதுதான்."

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று ஹெஸ்டருக்குத் தெரிந்தது. வாய்வரை வந்தது. ஆனால் இவ்வளவு காலம் கழித்துக் கையில் விழுந்ததை உடனே கீழே போட யாருக்கு மனது வரும்? இந்தக் கிண்ணத்துக் காபி முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதனால் அதை மெல்ல மெல்லக் குடித்தாள்.

பாதி குடித்திருப்பாள், முன்வாசல் மணி அடித்தது. மார்ஸ்லின் போய்த் திறந்தாள். "வாங்க, மேடம்" என்று அவள் சொல்வது உள்ளே கேட்டது. ஓர்லா கையில் ஒரு பரங்கிக்காயோடு, ஆஸ்பத்திரிக்கு வந்தவள் போலப் பாதத்தை மெல்ல ஊன்றி உள்ளே வந்தாள்.

"நான் உங்களுக்குத் தொந்தரவு தரவில்லை என்று நம்புகிறேன்" என்றாள். ஹெஸ்டரைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. மார்ஸ்லினுக்கும் புரியட்டும் என்று பிரெஞ்சிலேயே சொன்னாள்: "ஹெஸ்டர்! நான் சரி? நீ சொன்ன மாதிரி. எப்பவும் 'நீங்க'. நீ சொன்னே, நான் 'நீ' சொன்னா மார்ஸ்லின் வீட்டுல அழறா. இப்ப அழல, இல்ல?"

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. மார்ஸ்லின் அதை இறக்கி வைத்தாள்.

"நான் அழறேன்னு யாரு சொன்னா உனக்கு?"

"ஹெஸ்டர்" என்றாள் ஓர்லா பெருமையாக. "தினம் சாயங்காலம் பாடம். நல்ல டீச்சர்."

மார்ஸ்லின் பரங்கிக்காயை அவள் கையிலிருந்து வாங்கினாள். மறுகையால் அவள் கன்னத்தைப் பிடித்தாள். "உக்காருடி, கோழி. என்னை 'நீ'ன்னே சொல்லு. நீ 'நீங்க'ன்னு சொன்னாத்தான் எனக்கு அழுகை வருது." ஓர்லா அவளைப் பார்த்தாள், ஹெஸ்டரைப் பார்த்தாள், மெதுவாகச் சிரிப்பை நிறுத்தினாள்.

ஹெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள். திட்டுவாள், நன்றாகத் திட்டட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டாள். மார்ஸ்லின் தன் மனுஷர்களைத் திட்டுவது எப்போதும் 'நீ'யில்தான்.

மார்ஸ்லின் திட்டவில்லை. மேஜையருகே வந்து கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆறிப்போச்சே. உங்களுக்கு வேற ஊத்தட்டுமா, மேடம்?"

"வேண்டாம்" என்றாள் ஹெஸ்டர். இந்தத் தடவை கேட்டது அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.