இரண்டிலும் சிவப்பு

கயல்விழியின் கதையைப் பத்திரிகையில் போடப்போவதாகக் கடிதம் வந்தது மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. தபால் பெட்டியடியில் நின்றபடியே அதை இரண்டு முறை படித்தாள். மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

"லெட்டர் ஏதாச்சும் வந்துச்சா கண்ணு?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் பவளம்.

"ஒண்ணுமில்லீங்க அண்ணி. கூப்பன்தான்."

"பீட்சா கூப்பன்னா எடுத்து வை. உங்கண்ணன் வந்ததும் அதைத்தான் தேடுவாரு."

அண்ணன் ஜெயபிரகாஷ் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் என்ஜினியர். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்ட் வீட்டில். அவன் இல்லாத நாட்களில் வீட்டில் மூன்றே பேர்: பவளம், நான்கு வயது வெண்பா, கயல். கயல் உயிர்வேதியியல் படித்தவள். ஹூஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அதிகம் பேசமாட்டாள். அவள் கதை எழுதுவாள் என்பது வீட்டுக்குத் தெரியும். என்ன எழுதுவாள் என்று யாரும் கேட்டதில்லை.

இந்தக் கதையில் ஓர் அண்ணி வருகிறாள். பெயரை மட்டும்தான் கயல் மாற்றியிருந்தாள்.

போன ஜூன் மாதம் பெருந்துறையில் பவளத்தின் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் எத்தனை நாள் என்று டாக்டர் சொல்லவில்லை. பவளம் போக வேண்டும் என்றாள். கிரீன் கார்டு மனு பாதியில் நின்றிருந்தது. இப்போது வெளியே போனால் திரும்பி வருவதில் சிக்கல் வரலாம், வராமலும் போகலாம் என்றார் வக்கீல். கடலிலிருந்து போனில் பேசிய அண்ணன், "நீயே முடிவு பண்ணு" என்று வைத்துவிட்டான்.

"நான் எங்கங்க முடிவு பண்றது? அம்மன்கிட்டப் பூ கேட்டர்றேன்" என்றாள் பவளம்.

கொங்குப் பக்கத்தில் பெண் பார்க்கவும் கிணறு வெட்டவும் குலதெய்வத்திடம் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில். எது எதில் இருக்கிறதென்று வெளியே தெரியக் கூடாது. சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது கிடையாது. ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

பொட்டலம் கட்டுவது கல்யாணமாகாத பெண்ணின் வேலை. கயல் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தோடு போய் வேலியோரம் நின்ற அரளியில் பூப் பறித்தாள். அந்த ஊரில் அரளிக்குப் பஞ்சமில்லை. ஃப்ரீவே ஓரமெல்லாம் அரளிதான்.

அதே ஜூன் மாதத்தில் இரண்டு வாரம், ஆஸ்டினுக்கு அந்தப் பக்கம் மலையடிவாரக் கல்லூரி ஒன்றில் எழுத்துப் பட்டறை. பத்தே பேருக்கு இடம். அவளுக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. லீவும் சொல்லியாகிவிட்டது. அண்ணி ஊருக்குப் போனால் அந்த லீவில் வெண்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணி அதைக் கேட்கக்கூட இல்லை. கயல் பார்த்துக்கொள்வாள் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அலுமினியத் தாளை இரண்டாகக் கிழித்தாள். வக்கீல் சொன்னது சரிதான், அண்ணி போனால் குடும்பமே நடுவில் மாட்டிக்கொள்ளும் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டே சிவப்பு அரளியை ஒன்றில் வைத்து மடித்தாள். இன்னொன்றிலும் சிவப்பையே வைத்து மடித்தாள். வெள்ளையைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் இழுத்துவிட்டாள். கை நடுங்கவில்லை. பின்னால் எத்தனையோ முறை அதைத்தான் யோசித்தாள். கை கொஞ்சம் நடுங்கியிருக்கலாம்.

அங்காளம்மன் படத்துக்கு முன்னால் வெண்பா கையை நீட்டினாள். "விச் ஒன், மம்மி?"

"எது வேணாலும் எடு கண்ணு. சாமிதான் சொல்லித் தரும்" என்றாள் பவளம்.

சிவப்பு வந்தது. பவளம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இன்னொரு பொட்டலத்தைக் கயல் வாங்கிக்கொண்டு போய், வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் எறிந்தாள்.

பட்டறையின் ஒன்பதாவது நாள் போன் வந்தது. பவளத்தின் அப்பா போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் பவளம் ஒன்றையே சொன்னாள். "போயிருப்பனுங்க. டிக்கெட்டு வரைக்கும் விசாரிச்சாச்சு. ஆத்தா வேண்டான்னுட்டா. அவ சொன்னதுக்கு அப்புறம் நான் என்னங்க பண்றது?" கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அதைச் சொல்லி முடித்ததும் பவளத்தின் முகம் கொஞ்சம் தெளியும். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள், சமைத்தாள், குழந்தையை டேகேரில் விட்டாள். கயல் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் கயல் போகும் எழுத்துக் குழு, ஒரு மெதடிஸ்ட் சர்ச்சின் பக்கவாட்டு அறையில் கூடும். மடக்கு நாற்காலிகள், ஒரு காப்பிக் குடுவை, ஏழெட்டுப் பேர். நடத்தியவள் டோரதி. அறுபத்தைந்து வயது, பாப்டிஸ்ட் பிரசங்கியின் மகள். சின்னப் பதிப்பகத்தில் மூன்று சிறுகதைத் தொகுப்புகள் வந்திருந்தன. சர்ச்சுக்குப் போவதை நிறுத்தி முப்பது வருஷமாயிற்று என்று அவளே சொல்வாள்.

"நிறுத்தி என்ன பிரயோஜனம்? அப்பாவின் சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். நான் இப்படி இருந்தேன், இது நடந்தது, இப்போது இப்படி இருக்கிறேன். ஆறு வயதிலிருந்து வாரா வாரம் அதைக் கேட்டேன். என் கதை எதை எடுத்தாலும் அதே எலும்புக்கூடுதான். தோலை மட்டும் மாற்றுகிறேன்" என்றாள் ஒருநாள்.

லாரி ஓட்டும் டெரி கத்தோலிக்கர். "நாங்கள் எழுந்தெல்லாம் நிற்கமாட்டோம். இருட்டுப் பெட்டிக்குள் மண்டியிட்டு, முகம் தெரியாத ஒருத்தர் காதில் சொல்வோம். அதனால்தான் என் கதையில் ஆட்கள் கிசுகிசுத்துக்கொண்டே இருக்கிறார்கள்" என்றார்.

"அதனால்தான் உங்கள் வசனம் எனக்குக் கேட்பதே இல்லை" என்றாள் டோரதி. எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கயல் பக்கம் திரும்பி, "உங்களுடையதில் எப்படி?" என்றாள்.

கயல் யோசித்தாள். தப்புச் செய்தவர்கள் ஊரில் என்ன செய்தார்கள்? தீக்குண்டம் இறங்கினார்கள். கிடா வெட்டினார்கள். மொட்டை போட்டார்கள். யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லி அவள் பார்த்ததில்லை.

"எங்கள் சாமி பொங்கல் கேட்கும், கிடா கேட்கும். வார்த்தையைக் கேட்காது" என்றாள்.

"அப்படியென்றால் நீ எங்கிருந்து எழுதுகிறாய்?" என்றார் டெரி. கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அந்த வாரம்தான் கதையை எழுத உட்கார்ந்தாள். மூன்று வாரத்தில் முடிந்தது. குழுவில் வாசித்தாள். மதமும் எழுத்தும் பற்றிய காலாண்டிதழ் ஒன்றின் முகவரியை டோரதி எழுதிக் கொடுத்தாள். வந்த கடிதத்தில் ஆசிரியர் எழுதியிருந்தார்: 'சமீபத்தில் நாங்கள் படித்தவற்றில் இவ்வளவு நேர்மையான பாவ அறிக்கை இல்லை.'

நேர்மை என்ற சொல்லில் கயலுக்கு உடம்பு கூசியது.

அடுத்த செவ்வாய் எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை மடித்துக்கொண்டே சொன்னாள். "அது நடந்தது. பூ வைத்தது நான்."

"தெரியும்" என்றாள் டோரதி. "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொன்னால் அவளிடம் இருக்கும் ஒரே ஆறுதலும் போய்விடும். சாமி தடுத்தது என்று நம்புகிறாள்."

"அப்படியானால் அவளுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறாய்."

கயல் அடுத்த நாற்காலியை மடித்தாள்.

டோரதி நாற்காலியைச் சுவரில் சாய்த்தாள். "என் தங்கைக்கு நான் ஒன்று செய்தேன். அதை வைத்து நான்கு கதை எழுதிவிட்டேன். இரண்டுக்குப் பரிசு. முன்பின் தெரியாதவர்கள் அழுதுகொண்டே கடிதம் போட்டார்கள். அவளிடம் சொல்லவில்லை. இப்போது அவளுக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை. உனக்கு எது சரியென்று நான் சொல்லமாட்டேன். எழுதியதைச் சொன்னதாக மட்டும் எண்ணிவிடாதே."

ஏப்ரல் முதல் ஞாயிறு பவளம் சொன்னாள். "ஹில்குராஃப்ட் சீலைக் கடை வரைக்கும் டிரைவ் பண்றியா கயலு? அம்மனுக்கு ஒரு பட்டுச் சீலை எடுக்கோணும். அப்பா திதிக்கு ஊருக்குப் போற ஆள்கிட்டக் குடுத்து உடலாம்."

"அம்மனுக்கு எதுக்குங்க அண்ணி?"

"எதுக்கா? அவ தடுக்கலீன்னா நான் போய் அங்க மாட்டிருப்பேன். கிரீன் கார்டு போயிருக்கும், வெண்பா இங்க ஏங்கிப் போயிருக்கும். அப்பா போனது போனதுதான். அவ என்னைக் காப்பாத்துனதுக்கு ஒரு சீலைகூட எடுக்கலீன்னா நல்லாவா இருக்கும்?"

ஃப்ரீவேயில் இருபது நிமிஷம். பின் சீட்டில் வெண்பா தூங்கிவிட்டாள். மாம்பழ மஞ்சளா, அரக்கா என்று பவளம் தனக்குள் பேசிக்கொண்டே வந்தாள். கடை வாசலில் காரை நிறுத்தினாள் கயல். பவளம் பெல்ட்டைக் கழற்றினாள்.

"அண்ணி, சீலை வேண்டாமுங்க."

"ஏன், கடை மூடியிருக்குதா?"

"பொட்டலம் ரெண்டுலயும் சிவப்புத்தான் வெச்சேனுங்க."

பவளத்தின் கை கதவுப் பிடியில் அப்படியே நின்றது. கயல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள். பட்டறை, லீவு, கழிப்பறையில் போட்ட வெள்ளைப் பூ, கதை, அது அச்சில் வரப்போவது. சொல்லச் சொல்ல எல்லாம் மிகச் சின்னதாக இருந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அந்தக் கதை இங்க இருக்குதா?" என்றாள் பவளம்.

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். பவளம் கோவையில் பி.காம். படித்தவள். விரலை வரிமேல் வைத்து நிதானமாகப் படித்தாள். வெயில் கார் கண்ணாடிக்குள் ஏறியது. கடைக்குள் ஆட்கள் போனார்கள், பையோடு வெளியே வந்தார்கள். எட்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இது என்ன? 'சிவப்பைப் பார்த்ததும் அவள் தோள் இறங்கியது, பாரம் இறக்கினவள் மாதிரி.' இது எப்படி எழுதுன?"

"பாத்தேனுங்க. அன்னைக்கு."

பவளம் பக்கங்களை மடியில் கவிழ்த்தாள்.

"என்ற அப்பாவ அந்தக் கோலத்துல பாக்க எனக்குப் பயமா இருந்துச்சு. மூக்குல குழாய், நெஞ்செல்லாம் ஒயருன்னு அம்மா போன்ல சொல்லுச்சு. வெள்ளை வந்தா என்ன பண்றதுன்னு இருந்தேன். சிவப்பு வந்ததும் அப்பாடான்னு இருந்துச்சு." கணக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "அதைப் பூரா ஆத்தா தலையில கட்டி வெச்சிருந்தேன். இப்ப நீ வந்து அவுத்துட்ட. இனி யார் தலையில கட்டறது சொல்லு? உன்ற தலையிலயா? நீதான் சொல்லிட்டயே. சொல்லிட்டு லேசாகிட்டயே."

"லேசாகலீங்க அண்ணி."

"ஆகியிருக்கும். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

கயல் அழுதாள். பவளம் சமாதானம் சொல்லவில்லை. டிஷ்யூப் பெட்டியை எடுத்து அவள் மடியில் போட்டாள், அவ்வளவுதான்.

"மம்மி, ஆர் வி தேர்?" என்றாள் வெண்பா, விழித்து.

"இல்ல கண்ணு. ஊட்டுக்குப் போறோம். ஓட்டு, கயலு."

வீட்டுக்கு வந்து குழந்தைக்குச் சோறு ஊட்டி முடித்த பிறகு, பவளம் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"என்ற அம்மா அங்க ஊர் பூரா அம்மன் தடுத்துட்டான்னு சொல்லிட்டுத் திரியுது. அமாவாசைக்கு அமாவாசை விளக்குப் போடுது. அதுக்கு நீ எழுது."

"நானா?"

"பின்ன நானா வெச்சேன்? இங்கிலீசுல ஊருக்கெல்லாம் எழுதுனயில்ல, அது வரட்டும், எனக்கொண்ணும் இல்ல. எங்கம்மாவுக்குத் தமிழ்ல எழுது. 'ஒரு ஊர்ல ஒரு பொண்ணு'ன்னு எழுதாத. கயல்னு பேர் போட்டு எழுது. எனக்குப் பாரம் இறங்குனதையும் எழுது. கடைசில நானும் ஒரு கையெழுத்துப் போடறேன்."

எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மறுநாளைக்கு அவரைக்காய் உரிக்க ஆரம்பித்தாள்.

'அன்புள்ள அத்தைக்கு, கயல் எழுதுவது' என்று எழுதினாள் கயல். கதையில் இந்த இடத்தில் மழை பெய்யும். ஒரு பத்தி முழுக்க மழை. அதை நன்றாக எழுதியிருப்பதாக எல்லாரும் சொன்னார்கள். இங்கே மழையைக் கொண்டுவர முடியாது. அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் உதடசைத்துப் படிப்பாள். அடுத்த வரியிலேயே விஷயம் வந்தாக வேண்டும்.

பேனாவை வைத்தாள். மறுபடி எடுத்தாள். அவரைத் தோல் பாத்திரத்தில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எழுதியாச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"எழுது. உக்காந்திருக்கேன்."