அவர்கிட்ட சொல்லு

என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் கூட்டாகக் குழாய்க் கம்பெனி நடத்துகிறார்கள். தண்ணீர் வருகிற குழாய். அண்ணன் தயாரிக்கிறார், வீட்டுக்காரர் விற்கிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்வது கிடையாது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அண்ணன் புது வீடு கட்டி உறவுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டிருந்த அன்றைக்கு, கை கழுவும் இடத்தில் எங்கள் கம்பெனிக் குழாயே சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "மச்சான் செஞ்ச குழாயாச்சே, அடங்குமா?" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கூடமே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து "உன் புருஷன்கிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தார். வீட்டுக்காரர் விடுவாரா? "உன் அண்ணன்கிட்ட சொல்லு" என்று பதிலுக்கு இவரும் ஆரம்பித்தார். வருஷங்கள் ஓடிவிட்டன. அந்தக் குழாயை என்றைக்கோ மாற்றியாயிற்று. இவர்களை மாற்றத்தான் ஆள் கிடைக்கவில்லை.

முன்பக்கம் விற்பனை அறை, பின்பக்கம் பட்டறை. இரண்டுக்கும் இடையில் ஒரு நடை, அதில் என் மேசை. கணக்குப் பார்க்கத்தான் அதைப் போட்டார்கள். ஆனால் நான் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முன்னறைக்கும் பட்டறைக்கும் நடந்தே செருப்புகள் தேய்ந்தன.

பட்டறையில் லேத் மெஷின் சத்தத்துக்கு மேலே அண்ணன் கத்துவார்: "அந்த வாய்ச்சவடால்காரன்கிட்ட சொல்லு, என்னைக் கேக்காம கடைக்காரனுக்கு வாக்கு குடுத்தா அவனே வந்து கடைஞ்சு எடுத்துட்டுப் போகட்டும்!"

முன்னறைக்கு வருவதற்குள் நான் அதைக் கழுவித் துடைத்துவிடுவேன். "அண்ணன் இன்னும் கொஞ்சம் டைம் கேக்கறாரு."

"உன் அண்ணன் கையில கரையான் புத்து வெச்சிருச்சான்னு கேளு!"

நான் பட்டறைக்குத் திரும்பும்போது அது, "சரின்னுட்டாருண்ணா, பாத்து செய்யச் சொன்னாரு" என்று ஆகியிருக்கும்.

கம்பெனி இப்படித்தான் நடந்தது. நன்றாகவே நடந்தது. ஒருமுறை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குரலே வரவில்லை. சரக்கு பட்டறையிலேயே கிடந்தது, கடைக்காரர்கள் முன்னறையிலேயே காத்துக் கிடந்தார்கள். மருந்து சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. "குரல் எப்ப வரும்?" என்றுதான் இரண்டு பேரும் கேட்டார்கள். அன்றைக்கே எனக்கு வெறுத்துவிட்டது.

அதனால்தான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எங்களோடு கூட்டு சேர விரும்புகிறது என்றதும் அதிகம் சந்தோஷப்பட்டவள் நான். அவர்களிடம் சொட்டாத குழாய் இருக்கிறது, ஆனால் எந்தக் கடைக்காரரைப் பிடிப்பது, எந்த பிளம்பரிடம் பேசுவது என்று தெரியாது. எங்களுக்கு எல்லாக் கடையும் தெரியும், குழாய்தான் சொட்டும். ஜாடிக்கேற்ற மூடி. கூட்டு அமைந்தால் அவர்களே ஒரு மேலாளரை அனுப்புவார்கள். இவர்கள் சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்லிக்கொள்ளட்டும். நான் என் நாற்காலியில் உட்காரலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் அவர்கள் எடுத்த எடுப்பிலேயே ஒரு நிபந்தனை போட்டார்கள். வேறொரு நாட்டில் அந்தக் கம்பெனி கூட்டு வைத்த அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டு, தொழிற்சாலைக்கு நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துவிட்டார்களாம். சூடு கண்ட பூனை. உள்ளூர்க் கூட்டாளிகள் ஒருமித்த கருத்து உள்ளவர்களா என்று நேரில் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்றார்கள்.

"அவங்க இருக்கற வரைக்கும் பேசற மாதிரி நடிங்க, போதும்" என்று வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன்.

"எனக்கென்ன, நான் தயார். உன் அண்ணன்கிட்ட சொல்லு."

அண்ணனிடம் போனேன். "முதல்ல அவன் பேசட்டும். அவன்கிட்ட போய் சொல்லு."

வந்தவர்கள் இரண்டு பேர். ஒட்டடைக் குச்சி போல உயரமான ஓர் அதிகாரி, ஒரு வக்கீலம்மா. கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர், வழுக்கைத் தலை வியர்வையைத் துடைத்துத் துடைத்துப் பேசுகிற மனிதர். எப்படியோ கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தேன். வாசலில் நடிப்பு பிரமாதம். "வாங்க மாப்பிள்ளை" என்றார் அண்ணன், கதவைப் பார்த்து. "வரேன் மச்சான்" என்றார் வீட்டுக்காரர், ஜன்னலைப் பார்த்து. அத்தோடு வசனம் தீர்ந்துவிட்டது. அண்ணன் பட்டறைக்குள் போய்ப் புகுந்துகொண்டார்.

நெட்டை அதிகாரி வீட்டுக்காரரிடம் முதல் கேள்வி கேட்டார். விற்ற குழாய்களில் எவ்வளவு திரும்பி வருகிறது?

வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் என்னைப் பார்த்தார். "உன் அண்ணன்கிட்ட கேளு. அவர் கைவண்ணம்தானே?"

நானும் பழக்க தோஷத்தில் பட்டறைக்கு ஓடினேன். என் பின்னால் மொழிபெயர்ப்பாளர் ஓடிவந்தார், அவர் பின்னால் அந்த இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். நான் கேட்டு முடிப்பதற்குள் அண்ணன் வெடித்தார். "திரும்பி வர்றத எண்ணத் தெரியுதில்ல, உருப்படியா நாலு குழாய் விக்கத் தெரியுமான்னு அந்த வெத்துவேட்டைக் கேளு!"

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே தொழில் இல்லையா, புரிந்துகொண்டார். வியர்வையைத் துடைத்துவிட்டு அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அதிகாரி முகம் மலர்ந்து தலையை ஆட்டினார். என்ன சொன்னாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று முழுக்க நான் ஓடினேன், அவர்கள் என் பின்னாலேயே ஓடினார்கள், வக்கீலம்மா எழுதிக்கொண்டே ஓடினார். புறப்படும்போது என் கையைப் பிடித்து இரண்டு பேரும் நெடுநேரம் குலுக்கினார்கள். துக்கம் விசாரிக்கிறார்கள் என்றே நினைத்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன்.

ஆனால் கூட்டுக்குச் சம்மதம் என்று செய்தி வந்தது! கையெழுத்துப் போட எல்லோரும் முன்னறையில் கூடினோம். அண்ணன் ஒரு மூலை, வீட்டுக்காரர் ஒரு மூலை. மொழிபெயர்ப்பாளர் ஒப்பந்தத்தை ஒவ்வொரு விதியாகப் படித்துச் சொன்னார். கடைசி விதி வந்ததும் தொண்டையைக் கனைத்தார்.

"கூட்டாளிங்க ரெண்டு பேரும் தொழில் விஷயமா நேரடியா பேசிக்கக் கூடாது. எல்லாப் பேச்சும் இந்த அம்மா வழியாத்தான் போகணும், வரணும். அம்மா வேலையை விட்டுட்டா ஒப்பந்தம் ரத்து."

அதிகாரி எழுந்து நின்று விளக்கம் சொன்னார். அவர் சுற்றாத நாடில்லையாம், இப்படியொரு நிர்வாக முறையை எங்கேயும் கண்டதில்லையாம். இங்கே யாருடைய கோபமும் அடுத்தவர் காதுக்குச் சூடாகப் போவதில்லையாம், நடுவில் ஒருவர் வாங்கி ஆற வைத்துத்தான் கொடுக்கிறாராம். இதை மற்ற நாடுகளிலும் கொண்டுவரப் போகிறார்களாம். முறைக்கு ஒரு பெயரும் வைத்தாயிற்றாம்.

நாற்காலி கேட்டவளை நடையில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் கூட்டு போய்விடும். சொல்லாவிட்டால் கடைசிவரை ஓட்டம்தான். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாவம், அந்த நெட்டை மனிதர் மேல் வரவில்லை. மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருந்த இந்த இரண்டு பேர் மேல்தான் வந்தது.

வீட்டுக்காரர் முகம் சிவந்திருந்தது. "உன் அண்ணன்கிட்ட சொல்லு. என் மச்சான்கூட நான் பேசக் கூடாதுன்னு சொல்ல இவங்க யாரு?"

நான் அசையவில்லை. "நீங்களே சொல்லிக்கோங்க. எனக்குக் கால் வலிக்குது."

அண்ணன் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினார். பிறகு மூட்டை தூக்குகிறவர் போல மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"மாப்பிள்ளை சொல்றது சரிதான். நாம பேசறதும் பேசாததும் நம்ம இஷ்டம்."

"அதானே மச்சான்!"

அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள்.

"ஆனா ஒண்ணு மாப்பிள்ளை, நான் அவ்வளவு பேச்சு பேசியும் நீங்க திருப்பி ஒரு வார்த்தை சொன்னதில்ல. உங்க பொறுமை யாருக்கும் வராது."

"என்ன பேசினீங்க? நீங்க டைம் கேட்டதாத்தானே இவ வந்து சொல்லுவா?"

"நான் எங்க டைம் கேட்டேன்? உங்களை வாய்ச்சவடால்காரன்னு திட்டினேன்!"

"என்னையா?"

"தினமும்!"

"நான் மட்டும் என்ன சும்மாவா இருந்தேன்? உங்க கையில கரையான் புத்து வெச்சிருச்சான்னு கேட்டு விட்டேனே!"

"பாத்து செய்யச் சொன்னீங்கன்னுல்ல இவ சொன்னா?"

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப இத்தனை வருஷமா நான் திட்டின திட்டு ஒண்ணுகூடப் போய்ச் சேரலையா?" என்றார் அண்ணன். அவர் குரல் உடைந்துவிட்டது. பொய்யில்லை, கண் கலங்கியிருந்தது.

"சேரல! சேர்ந்திருந்தா கம்பெனி இருந்திருக்குமா?" என்று கத்தினேன்.

"உன்னை யார் மாத்தச் சொன்னா?" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்தையாவது கச்சேரி முடிந்தால் உறை போட்டு வைப்பார்கள். அதிகாரி மிரண்டுபோய் என்ன நடக்கிறது என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு, எனக்காக அதையே நம் பாஷையிலும் சொன்னார். "கூட்டாளிங்க ஒருமித்த கருத்துக்கு வந்துட்டாங்கன்னு சொன்னேம்மா."

அதில் பொய் ஏதுமில்லை. அதிகாரி மகிழ்ந்துபோனார். நேரிலேயே பேசிக்கொள்கிறவர்களுக்கு அது எதற்கு என்று வக்கீலம்மா கடைசி விதியை அடித்தார். மச்சானும் மாப்பிள்ளையும் அருகருகே நின்று, ஒருவர் பேனாவை ஒருவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். கேட்டது கிடைத்துவிட்டது, இனி நான் ஓட வேண்டாம். ஆனாலும் நெஞ்சு வலித்தது. நன்றி கெட்ட ஜன்மங்கள். ஒருத்தராவது, உனக்கும் கஷ்டம்தானே என்று ஒரு வார்த்தை சொன்னார்களா?

பின்னால் கதவு திறந்தே இருந்தது. அண்ணன் குரல் தெளிவாகக் கேட்டது. "மாப்பிள்ளை, அந்தப் பித்தலாட்டக்காரிகிட்ட சொல்லுங்க, இனிமே ஜென்மத்துக்கும் நான் அவகூட பேசமாட்டேன். டீ ஆறுது, வந்து குடிச்சா குடிக்கட்டும், இல்லேன்னா எக்கேடு கெட்டுப் போகட்டும்!"

வீட்டுக்காரர் வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பிக் கதவைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"மச்சான் உன்னை டீ குடிக்கக் கூப்பிடறாரு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

மறுபடியும் தலையைச் சொறிந்தார். "உன் தொண்டைக்கு இதமா சூடா குடிக்கச் சொன்னாரு."

நான் கால்களை நன்றாக நீட்டிக்கொண்டேன்.

"மெதுவா வரேன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றேன். சொல்வதற்கு உள்ளே ஓடினார்.